வேலையை விட்டு விவசாயத்துக்கு வந்தவர்கள்: கணக்கையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு விவசாயத்துக்கு வந்த தம்பதியைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை வந்திருந்தது. படம் அழகாக இருந்தது, பேட்டியும் நன்றாகவே இருந்தது, அவர்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. என் குறை உங்கள் மேல்தான். நிலம் எப்படி வாங்கினார்கள், என்ன விலை, யார் பணம், ஒரு போகத்துக்கு என்ன செலவு, கையில் என்ன நின்றது, வீட்டுச் செலவு எதில் ஓடுகிறது என்று ஒரு வரிகூட அதில் இல்லை. சினிமாக்காரர்களைப் பேட்டி எடுத்தால் சம்பளம் வரை கேட்கிறீர்கள், விவசாயம் என்று வந்தவுடன் கணக்கு கேட்பது என்னவோ அநாகரிகம் மாதிரி விட்டுவிடுகிறீர்கள்.

நானும் அதே வழியில் வந்தவள்தான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன், இப்போது மதுராந்தகம் வட்டத்தில் ஒரு சின்ன ஏரியின் கீழ் குத்தகை நிலத்தில் நெல் வைக்கிறேன், கொஞ்சம் காய்கறியும் உண்டு. என் கணவர் இன்னும் சென்னையில் வேலையில் இருக்கிறார், வாரக் கடைசியில் வருவார். எங்கள் வீடு ஓடுவது அவர் சம்பளத்தில். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் என்னைப் பற்றி யாராவது கட்டுரை எழுதினால் முதலில் விட்டுப்போகும் வரி இதுவாகத்தான் இருக்கும்.

நெல் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கக் கூடியது. 2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்துக்கு அரசு அறிவித்த விலை, ஊக்கத்தொகையும் சேர்த்து, சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய். எங்கள் மண்ணில் ஏக்கருக்கு 22 குவிண்டால் வந்தால் நல்ல விளைச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம். 55,000 ரூபாய். இதில் உழவு, சேடை, நாற்று, நடவு, களை, உரம், அறுப்பு மெஷின், ஏற்றிக்கொண்டு போகிற வண்டி எல்லாம் போனால் 30,000-க்குக் குறையாது, பெரும்பாலும் அதற்கு மேல்தான். மீதி இருப்பது நான்கு மாத உழைப்புக்கு ஏக்கருக்கு இருபதாயிரமோ இருபத்தைந்தாயிரமோ, அதிலும் குத்தகை நெல்லை அளந்துவிட வேண்டும். இதெல்லாம் மழை கெடுக்காமல், நெல் ஈரமாகி விடாமல் இருந்தால் கிடைக்கிற கணக்கு. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பார்கள், ஐப்பசி கார்த்திகையில் அறுத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள் அந்த 17 என்ற எண் எப்படிப் படுத்தும் என்று, களத்தில் கொட்டி, தார்ப்பாய் போட்டு மூடி, வெயில் வந்தால் திறந்து, திரும்ப மூடி, நெல்லுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்க வேண்டும்.

இப்போது நிலத்தின் விலை. சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி இருந்தாலும் எங்கள் பக்கம் ஏக்கர் 30 லட்சம், 40 லட்சம் என்கிறார்கள். 30 லட்சத்தை வங்கியில் ஆறரை சதவீதத்துக்குப் போட்டால் வருடத்துக்கு 1,95,000 ரூபாய் வட்டி வரும். அதே பணத்தில் ஒரு ஏக்கர் வாங்கி, இரண்டு போகம் நன்றாக எடுத்தால்கூட 50,000 வரும். இதற்கு மேல் பத்திரச் செலவு வேறு, 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணத்தைக் குறைத்த பிறகும் முத்திரைத் தீர்வையும் சேர்த்து 9 சதவீதம். விளைச்சலை நம்பி எந்த விவசாயியும் இந்த விலைக்கு நிலம் வாங்க முடியாது, வாங்கவும் மாட்டான். வாங்குகிறவர்கள் எங்களைப் போல வெளியில் சம்பாதித்த பணம் உள்ளவர்கள். நாங்கள் வாங்க வாங்க விலை ஏறுகிறது, பக்கத்து ஒரு ஏக்கரைச் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று வருடக்கணக்கில் காத்திருந்த ஊர்க்காரர் வாங்கவே முடியாமல் போகிறார். ‘மண்ணுக்குத் திரும்புகிறோம்’ என்று நீங்கள் தலைப்பு போடும்போது இந்தப் பக்கம் யாருக்கும் தெரிவதில்லை.

பாரம்பரிய நெல் வைத்தால் லாபம் என்பார்கள். வைத்துப் பார்த்ததில் எனக்குப் பிடித்தும் இருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பா ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும், ஆள் உயரம் வளரும், கதிர் பிடிக்கிற நேரத்தில் காற்றும் மழையும் வந்தால் அப்படியே சாய்ந்துவிடும், விளைச்சலும் குறைவு. விலை அதிகம்தான், ஆனால் அந்த விலை கொள்முதல் நிலையத்தில் கிடைக்காது, நாமே அரைத்து, நாமே விற்றால்தான் கிடைக்கும். கொஞ்சமாக நெல் கொண்டுபோனால் பெரிய மில்லில் அரைத்துத் தர மாட்டார்கள். என் அரிசி விற்பதற்குக் காரணம் என் பழைய ஆபீஸ் வாட்ஸ்ஆப் குழு. உண்மையைச் சொன்னால் விவசாயத்தில் எனக்கு இருக்கிற பெரிய சொத்து அதுதான், பக்கத்து வயல்காரரிடம் அது இல்லை. என்னை விட அவர் நன்றாகத்தான் பயிர் செய்கிறார்.

சரி, அப்படியும் நிலம் வாங்கித்தான் தீருவேன் என்கிறவர்களுக்கு, பத்திரிகைகள் எழுதாத சில விஷயங்கள்.

பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று எல்லாம் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், பாதிக்கு மேல் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அதோடு விட்டுவிடுகிறார்கள். நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டுகிற புலப்படத்தை வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி நடந்து பார்க்கிறவர்கள் குறைவு. வண்டி போகிற பாதை படத்தில் இருக்கிறதா, இல்லை பக்கத்து நிலத்துக்காரர் இத்தனை நாள் பெரிய மனதோடு விட்டுவைத்த வரப்பா? பாசன வாய்க்கால் எந்தப் பக்கம் வருகிறது, வடிகால் எந்தப் பக்கம் போகிறது? பல பேர் பெயரில் சேர்ந்திருக்கிற கூட்டுப்பட்டாவாக இருந்தால் உங்களுக்குக் காட்டிய இடம்தான் விற்கிறவர் பங்கு என்று யார் சொன்னது? அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டு மூன்று தலைமுறையாக உழுதுகொண்டிருப்பார்கள், தாளில் ஒன்றுமே இருக்காது.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் பஞ்சமி நிலம். எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் நிலம் தேடுகிறவர்கள் இதைத் தெரியாமல் ஒரு அடி வைக்கக் கூடாது. அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையில்தான் இது தொடங்கியது. பறையர் மக்கள் காணி நிலம் இல்லாமல் எப்படி நசுக்கப்படுகிறார்கள் என்று அவர் எழுதினார், 1892-ல் அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு போட்டது. மாகாணம் முழுக்கப் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பத்து வருடம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அதே ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத்தான் விற்கலாம், மீறினால் அரசு மீட்டுக்கொள்ளலாம், இழப்பீடு கிடையாது. அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்றைக்கு யார் யார் கையில் இருக்கிறது என்பது ஊர் அறிந்த ரகசியம். 1994-ல் இதே மாவட்டத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு பேர் உயிரை விட்டார்கள்.

கண்டிஷன் பட்டா, அதாவது இப்படி நிபந்தனையோடு அரசு கொடுத்த நிலத்தின் பட்டா, என்று யாராவது தரகர் மெதுவாகச் சொல்லி, “அதெல்லாம் பார்த்துக்கலாம் சார், அதான் விலை குறைச்சு” என்றால் அங்கேயே திரும்பிவிட வேண்டும். சட்டப் பிரச்சினை வரும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இயற்கை விவசாயம், அறம், நஞ்சில்லா உணவு என்றெல்லாம் பேசுகிறோம், வேறொருவருக்குச் சேர வேண்டிய மண்ணில் நின்றுகொண்டு அதைப் பேசினால் என்ன அர்த்தம்? எந்த நிலம் என்ன வகை, யாருடையது என்று கிராமக் கணக்கில் எழுதி வைத்திருக்கிற ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள், அதற்கு மேலே போய் அந்த ஊர்க் காலனியில் நாலு பெரியவர்களிடமும் கேளுங்கள். பதிவேட்டில் அழிந்துபோனதுகூட அவர்கள் ஞாபகத்தில் இருக்கும்.

அப்புறம் வேலி. பட்டணத்துக்காரர்கள் நிலம் வாங்கியதும் செய்கிற முதல் வேலை கல் நட்டுக் கம்பி கட்டுவது, கூடவே ஒரு பெரிய இரும்பு கேட், அதில் பண்ணையின் பெயர். பயிர் பிறகுதான். காட்டுப்பன்றித் தொல்லை உள்ள ஊரில் வேலி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஏரிப் பாசனம் என்பது தனியாகச் செய்கிற காரியம் இல்லை. மதகு திறந்தால் தண்ணீர் ஒருவர் வயலிலிருந்து அடுத்தவர் வயலுக்குப் போகும், எந்த நாள் யாருக்கு என்று முறை உண்டு, அதைப் பார்த்துக்கொள்ள நீர்க்கட்டி இருக்கிறார், அவருக்கு அறுவடையில் நெல் அளப்பார்கள். எங்கள் ஏரியின் கீழே ஒருவர் வாங்கிய நிலத்தில் வாய்க்காலையும் சேர்த்து வேலி போட்டுவிட்டார். நீர்க்கட்டிப் பெரியவர் போய் நின்று, “வேலி போட்டுக்குங்க சாமி, வேணாங்கல, தண்ணி எப்படி கீழ போவும்னு சொல்லுங்க” என்று கேட்டார். நிலத்தை வாங்கியவர் பத்திரத்தைக் காட்டினார். கீழே இருந்த வயல்கள் அந்த நவரை நெல் பருவத்தில் காய்ந்தன. ஊரில் யாரும் சண்டைக்குப் போகவில்லை, அவருடைய நிலத்துக்கு நடவுக்கும் போகவில்லை, களையெடுக்கவும் போகவில்லை. அவ்வளவுதான். ‘ஆள் கிடைக்கவில்லை, நூறு நாள் வேலை வந்து எல்லோரையும் சோம்பேறி ஆக்கிவிட்டது’ என்று அவர் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்தச் சோம்பேறிப் பேச்சு எனக்கு ஆகவே ஆகாது. குனிந்து நாற்று நடுகிற பெண்களோடு காலையிலிருந்து மதியம் வரை ஒரு நாள் நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒரகடத்துக்கும் மறைமலைநகருக்கும் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள், சிலர் சென்னையில் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் ஏன் போகிறார்கள் என்று கேட்காமல், நகரத்தில் இருப்பவர்கள் ஏன் வருகிறார்கள் என்று மட்டும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம்.

அரசு உதவி நிறைய இருக்கிறது என்று உங்கள் கட்டுரையில் ஒரு பெட்டிச் செய்தி இருந்தது. உண்டுதான், ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு எது கிடைக்கும் என்று பிரித்துச் சொல்ல வேண்டாமா? பிரதமரின் விவசாயி நிதி, வருடத்துக்கு 6,000 ரூபாய், 1-2-2019-க்கு முன்பே நிலம் பெயரில் இருந்தவர்களுக்குத்தான், அதற்குப் பிறகு விலைக்கு வாங்கியவர்களுக்கு இல்லை, வருமான வரி கட்டுகிறவர்களுக்கும் இல்லை. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். இது உண்மையிலேயே நல்ல திட்டம், 5 ஏக்கருக்கு உட்பட்டவர்கள் வட்டாட்சியரிடம் சான்று வாங்கிவிட்டால் போதும். இலவச மின்சாரம் இருக்கிறது, புது இணைப்பு கேட்டுப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் நிலம் பார்க்கும்போது கிணறு இருக்கிறதா என்பதோடு, அந்தக் கிணற்றுக்கு இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். குத்தகைக்காரிக்கு இதில் பலதும் எட்டாது, கூட்டுறவுச் சங்கக் கடன் உட்பட, ஏனென்றால் தாளில் நான் யாருமே இல்லை.

தாளில் ஏன் இல்லை என்றால் நில உரிமையாளர்கள் எழுதித் தர மாட்டார்கள். 1955-ல் வந்த குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்த காலத்தில் ஏழைக் குத்தகைக்காரர்களைக் காப்பாற்றியது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எழுதிக் கொடுத்தால் நிலத்தை விட்டு எழுப்பவே முடியாது என்ற பயம் இன்றைக்கும் இருக்கிறது, அதனால் எல்லாம் வாய்ப்பேச்சு. விளைவு, யாருக்கும் பாதுகாப்பு இல்லை. புயலில் பயிர் போனால் நிவாரணம் நிலத்துக்காரர் கணக்கில் விழும், நல்ல மனுஷராக இருந்தால் கூப்பிட்டுக் கொடுப்பார். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது இதைக் கண்ணால் பார்த்தோம்.

இன்னொன்று, இது நேரடியாகப் பத்திரிகைகளைப் பற்றியது. 2025 கோடையில் தர்பூசணியில் ஊசி வழியாகச் சாயம் ஏற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது ஞாபகம் இருக்கும். எங்கள் பக்கமும் செய்யூர், மரக்காணம் பக்கமும் அந்த நேரத்தில் வயல் முழுக்கக் காய் பழுத்துக் கிடந்தது. வாங்க வந்த வியாபாரிகள் திரும்பிப் போனார்கள், விலை அடிமட்டத்துக்கு விழுந்தது, பலர் காயை வயலிலேயே விட்டார்கள். பிறகு மறுப்பு வந்தது, விளக்கம் வந்தது, அதற்குள் பட்டம் முடிந்துவிட்டது. தர்பூசணி மூன்று மாதத்துக்குள் முடிகிற பயிர், அதில் ஒரு வாரம் தவறினாலே போட்ட பணம் போச்சு. என் பக்கத்து வயல்காரர் அதற்கு வாங்கிய கடனை இன்னும் கட்டுகிறார். சந்தேகத்தை முதல் பக்கத்தில் போடுகிறீர்கள், விளக்கத்தை உள்ளே தள்ளுகிறீர்கள். சம்பளம் வருகிற வீடு பின்னால் இருந்தால் இப்படி ஒரு அடியைத் தாங்கலாம், இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

இவ்வளவு சொல்வதால் யாரும் வராதீர்கள் என்கிறேனா? இல்லவே இல்லை. எனக்கு இந்த வாழ்க்கை பிடித்திருக்கிறது, திரும்பிப் போகிற எண்ணம் இல்லை. இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் அய்யாவின் பேச்சைக் கேட்டுத்தான் எனக்கே இந்த ஆசை வந்தது. ஆனால் அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. 1969-ல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டவர், ஒரு பண்ணையை வாங்கி வேலி போட்டுக்கொண்டு உட்காரவில்லை, 2013-ல் இறக்கும்வரை விவசாயிகளிடம் போய் அவர்களோடுதான் வேலை செய்தார். கரூர் மாவட்டம் கடவூர் பக்கத்தில் அவர் தொடங்கிய வானகம் என்ற இடத்தில் இன்றும் இயற்கை விவசாயப் பயிற்சி கொடுக்கிறார்கள். நிலம் பார்க்கப் போவதற்கு முன்னால் அப்படிப்பட்ட இடங்களுக்குப் போகலாம்.

என் யோசனை ரொம்பச் சாதாரணமானது. வேலையை விடாமல், அல்லது வீட்டில் ஒருவராவது விடாமல், ஒரு ஏக்கரோ அரை ஏக்கரோ குத்தகைக்குப் பிடித்து சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டத்தையும் ஒரு முறை கடந்து பாருங்கள். கோடையில் அந்த ஊர்க் கிணற்றில் தண்ணீர் எங்கே நிற்கிறது, மழையில் எந்தப் பக்கம் வெள்ளம் தேங்குகிறது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரியில் எங்கே போவது, உங்களுக்கு அந்த ஊரும் அந்த ஊருக்கு உங்களையும் பிடிக்கிறதா, எல்லாம் அதில் தெரிந்துவிடும். உள்ளூரில் ஏற்கெனவே ஒருவர் உழுதுகொண்டிருக்கிற நிலத்துக்கு அதிகக் குத்தகை பேசி அவரைக் கிளப்பிவிடாதீர்கள், அது பாவம். அப்படிச் செய்யத் தேவையும் இல்லை. எங்கள் வட்டத்திலேயே முதலீட்டுக்கு என்று வாங்கிப்போட்டு, பெயர்ப் பலகை மட்டும் நட்டு, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிற நிலம் ஏராளம்.

அந்தத் தரிசைப் பற்றி எழுதுங்கள் என்பதுதான் நான் உங்களிடம் கேட்க வந்தது. சென்னைக்காரர்கள் வாங்கிப் போட்ட நிலத்தில் எவ்வளவு பயிர் ஏறுகிறது என்று உங்கள் நிருபரை ஒரு வாரம் மதுராந்தகம், உத்திரமேரூர், செய்யூர் பக்கம் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு தரப்புக்கும் பயம் இல்லாமல், ஐந்து வருடமோ ஏழு வருடமோ எழுத்தில் குத்தகை பேச ஒரு வழி வேண்டும் என்று அரசிடம் கேளுங்கள், சட்டம் தெரிந்தவர்களை விட்டு எழுதச் சொல்லுங்கள். அப்படி ஒரு வழி வந்தால் முதலில் பயன்பட வேண்டியவர்கள் எங்களைப் போன்றவர்கள் கிடையாது, நிலம் இல்லாமலே நன்றாக விவசாயம் தெரிந்த ஊர்க்காரர்கள்.

அடுத்த முறை வேலையை விட்டு வந்தவர்களைப் பேட்டி எடுக்கும்போது ஒரு சின்னக் கட்டம் போட்டு, நிலத்தின் விலை, வருட வரவு, வருட செலவு, வேறு வருமானம் என்று நான்கு வரி சேருங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் ‘சொல்ல விரும்பவில்லை’ என்றே போடுங்கள். என்னுடைய வரவு செலவு நோட்டு இருக்கிறது. நவரை அறுப்பு முடிந்ததும் நகல் எடுத்து அனுப்புகிறேன், பெயர் போடாமல் அப்படியே அச்சிடலாம். கணவர் சம்பளம் என்ற வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுராந்தகம் வட்டம், செங்கல்பட்டு மாவட்டம்